முதல் டம்ளர் உன் மாமாவுக்கு

அன்பிற்குரிய மருமகளுக்கு உன் அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் மாமா நலம், அடுப்படியில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மூன்று வகைத் தண்ணீரும் நலம். அங்கே நீயும் என் பிள்ளையும் நம் பேத்தி வாலுக்குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கையில் போன் இருக்க இவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்னை எங்கே பேச விட்டார் உன் மாமா? மணி அடித்ததும் எங்கிருந்தாலும் ஓடி வந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். "சாப்பிட்டீங்களா அத்தை" என்று நீ கேட்டால், "சாப்பிட்டா, சாப்பிட்டா" என்று என் வயிற்றுக்கும் அவரே பதில் சொல்கிறார். இப்போது நான் சொல்லப்போவதோ அவரைப் பற்றித்தான். அதனால் அவர் முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பிப் போன நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். இருக்கிற முடிக்கு வெகுநேரம் ஆகாது. ஆனால் சலூன்காரர் பேச ஆரம்பித்தால் கத்தரிக்கோலை மறந்துவிடுகிறவர், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

விடுமுறைக்கு வருகிறோம், ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாட்ஜில் தங்கிக்கொண்டு பகலில் மட்டும் வீட்டுக்கு வந்து போகிறோம் என்று நீ போனில் சொன்னாய். "தண்ணி மறுபடியும் ஒத்துக்கலைன்னா குழந்தை தாங்க மாட்டா அத்தை" என்றாய். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ஸ்பீக்கரில் அதைக் கேட்ட மனிதர் நேராக மொட்டை மாடிக்குப் போய், வாலுக்குட்டிக்காக வெயிலில் காயப்போட்டிருந்த மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வந்து பரணில் ஏற்றிவிட்டார். அன்றைக்கு முழுக்க வீட்டில் டி.வி. மட்டும்தான் பேசியது.

போன தடவை நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் பக்கத்துக் கதை உனக்கு முழுசாகத் தெரியாது. ஊர்த் தண்ணீர் நிலையத்தில் வால்வு திறக்கும் வேலை அவருக்கு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஊருக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் டியூட்டியில் இருப்பவர் ஒரு டம்ளர் பிடித்துத் தான் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு "திறக்கலாம்" என்று குரல் கொடுத்தால்தான் மற்றவர் சக்கரத்தைத் திருகுவார். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை, மேலதிகாரி யாரும் சொன்னதும் இல்லை, அங்கே வேலை பார்த்தவர்கள் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்ட ஏற்பாடு. ரிட்டயர் ஆனபோது ஆபீசில் பெரிய சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதைப் பிரிக்கக்கூட இல்லை. நசுங்கிப்போன அந்த எவர்சில்வர் டம்ளரைத்தான் சட்டைப்பையில் போட்டு எடுத்து வந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் நம் அடுப்படிக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "திறக்கலாம்!" என்று கத்துவார். அதுவரைக்கும் நான் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஊரின் ஜனத்தொகை நான் ஒருத்திதான்.

வாலுக்குட்டி வந்ததும் ஜனத்தொகை இரண்டானது. அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவர் குடிப்பார், அவள் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு "தாத்தா, குடிச்சாச்சா?" என்பாள், அவர் "திறக்கலாம்!" என்பார், அவளும் "திறக்கலாம்!" என்று கத்துவாள், பிறகு அவளைத் தூக்கிக் குழாய்க்கு நேராகப் பிடிப்பார், அவள் பாதி குடித்து மீதியை அவர் சட்டையில் விடுவாள். அப்புறம்தான் அந்த வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தது. டாக்டரம்மா குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே "என்ன தண்ணி குடுத்தீங்க?" என்று கேட்டார். நாம் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தோம். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்ல பெண் நீ, பையைத் திறந்து கடையில் வாங்கிய பாட்டிலை எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்தாய், அவ்வளவுதான். நீங்கள் ஊருக்குப் போன மறுநாளிலிருந்து அவர் "திறக்கலாம்" என்று சொல்வதை விட்டுவிட்டார். சத்தமில்லாமல் குடிப்பார், டம்ளரைக் கவிழ்ப்பார், போய்விடுவார். இத்தனை வருஷமாக அந்தக் கத்தலை எப்போது நிறுத்துவார் என்று காத்திருந்தவள் நான். நிறுத்தினதும் அடுப்பை எப்போது பற்றவைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் நீ அனுப்பிய சுத்திகரிப்பு மெஷின் வந்து இறங்கியது. மாட்ட வந்த மெக்கானிக் சுவரைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், "வெறும் சுவருதாம்மா, ஒண்ணும் இல்ல" என்று டிரில்லைத் தூக்கினார். ஹாலில் பேப்பருக்குப் பின்னாலிருந்து உன் மாமா "அங்க பைப் போகுது" என்றார். டிரில் சத்தத்தில் யார் காதில் விழும்? அடுத்த நொடி சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்து மெக்கானிக் முகத்தில் அடித்தது, என் மேல் அடித்தது, அடுப்பிலிருந்த பால் வழிய வழிய அடித்தது. அவர் இரண்டு கையாலும் ஓட்டையைப் பொத்திக்கொண்டு "மெயின் எங்கம்மா, மெயின் எங்க" என்று அலறுகிறார். உன் மாமா பேப்பரை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தார். மெதுவாக நடந்து போய் மாடிப்படி ஓரத்தில் இருக்கிற வால்வை ஒரு திருகு திருகினார். தண்ணீர் நின்றுவிட்டது. "எப்படி சார் அவ்வளவு சட்டுனு?" என்று மெக்கானிக் கேட்க, "ஊருக்கே நிறுத்தியிருக்கேன், இது என்ன பிரமாதம்" என்றார். நீங்கள் போன பிறகு அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான். பால் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

சிரிப்பு நீடிக்கவில்லை. மெஷின் ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீரைக் கொடுக்கிறது, இன்னொரு பக்கம் குழாய் வழியாக வேண்டாத தண்ணீரை வெளியே தள்ளுகிறது இல்லையா, அதைப் பார்த்ததும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, இது குடுக்குறதை விட துப்புறது ஜாஸ்தியா இருக்கே?" என்றார். "துப்பிட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன?" என்றேன். "நான் அனுப்புற தண்ணிய இது துப்புது, எனக்கு என்னன்னு கேக்குறியே!" என்று கோபம் வேறு. ரிட்டயர் ஆகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இன்னமும் ஊருக்கு அவர்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறாராம். அன்றிலிருந்து அந்தக் குழாய்க்கு அடியில் ஒரு வாளி, அது நிறைந்தால் அடுத்தது, பிறகு துணி ஊறவைக்கிற டப், என் பிள்ளையைக் குளிப்பாட்டிய பழைய பேசின் என்று வீட்டில் நடக்க வழியில்லை. சேர்ந்த தண்ணீரைத் தீர்க்க வேண்டும் என்று காலையும் மாலையும் தரையைத் துடைத்தார். நான் வழுக்கிக்கொண்டே சமைத்தேன். பால்கனிச் செடிகள் தாகம் என்றால் என்ன என்பதை மறந்து அழுகிப்போயின. கடைசியில் ஒருநாள் வாளியை மறந்துவிட்டு மனிதர் தூங்கிப்போக, அது நிரம்பி வழிந்து கீழ் வீட்டு டெய்லரின் கூரையில் இறங்கி, அவர் தைத்து மாட்டியிருந்த ஒரு கோட்டின் மேல் சொட்டியிருக்கிறது. டெய்லர் கழுத்தில் டேப்போடு மேலே ஓடி வந்தார். வாய் நிறைய குண்டூசி. திட்டுவதற்கு முன்னால் அதை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது, அதற்குள் பாதிக் கோபம் போய்விட்டது. "சார், ஒருத்தர் நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போட்டுட்டுப் போற கோட்டு சார் அது" என்று அழாத குறையாகச் சொன்னார். உன் மாமா அவரோடு இறங்கிப் போய், ஈரம் தெரியாமல் போகும்வரை அந்தக் கோட்டுக்குத் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். போன இடத்தில் இரண்டு பேரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள்.

சிநேகிதர் சும்மா இருக்கவில்லை, "கேன் தண்ணி வாங்குங்க சார், ஒரு தொந்தரவு கிடையாது" என்று யோசனை சொல்லிவிட்டார். தொந்தரவு மாடிப்படியிலேயே ஆரம்பித்தது. கேன் போடுகிறவர் கீழே வைத்துவிட்டுப் போய்விட, லிப்ட் வழக்கம்போல் நின்றிருக்க, இவர் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி, இடுப்பு பிடித்துக்கொண்டு, தைலம் தேய்த்தே என் கை மரத்துப்போனது. படுத்தபடியே பூதக்கண்ணாடி வைத்துக் கேனில் ஒட்டியிருந்த காகிதத்தை எழுத்து விடாமல் படித்தார். அதில் பனி மூடிய மலை ஒன்று போட்டிருந்தது. மறுமுறை கேன் வந்தபோது "இந்த மலை எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். "சார், நான் கேன் போடுறவன். மலை போடுறவன் இல்ல" என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் மாமாவா விடுவார்? இடுப்பு சரியானதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேன் வண்டியின் பின்னாலேயே போயிருக்கிறார். ஊர்க் கோடியில் ஒரு ஷெட், வாசலில் ஒரு வாட்ச்மேன். உள்ளே பார்க்கலாமா என்று கேட்டதற்கு யாரையும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். இவரும் சரியென்று அங்கேயே சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறார். வெயில் ஏறியிருக்கிறது. வாட்ச்மேன் இவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்குமா? இங்க எல்லாம் சீல் வெச்சுட்டாங்க" என்று கேட்டாராம்! இவர் வீட்டிலிருந்து கொண்டு போன குழாய்த் தண்ணீரைக் கொடுத்திருக்கிறார். "நல்லாருக்கு சார், எங்க பிடிச்சது?" என்று அவர் கேட்டதை எனக்குச் சொன்னார், டெய்லருக்குச் சொன்னார், இந்நேரம் சலூனிலும் சொல்லிக்கொண்டிருப்பார்.

இத்தோடு ஆள் தெளிந்துவிடுவார் என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் புதுக் கூத்து. சில நாள் குழாய்த் தண்ணீர் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்றார். பிறகு ஒரு நாள் காலையில் "குழாய் முடிஞ்சுது, இன்னைலருந்து மெஷின்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "உங்களுக்கு என்னதான் வந்துச்சு? ஏதாவது ஒண்ணைக் குடிச்சுத் தொலைங்களேன்" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவர் அமைதியாகத் திரும்பி, "வாலுக்குட்டிக்கு எதைக் குடுக்குறதுன்னு தெரிய வேணாமா? மூணையும் முதல்ல நான் குடிச்சுப் பாத்தாத்தானே?" என்றார். லாட்ஜில் தங்கப்போகிற பிள்ளைக்கு, இந்த வீட்டில் குடிப்பாளா மாட்டாளா என்றே தெரியாத ஒரு டம்ளருக்கு, இவர் தன் வயிற்றை வைத்துப் பரீட்சை நடத்திக்கொண்டிருக்கிறார்.

குழாய்த் தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை. மெஷின் தண்ணீரிலும் ஒன்றும் ஆகவில்லை, "குடிச்ச ஞாபகமே வரமாட்டேங்குது, திரும்பப் போய் குடிக்க வேண்டியிருக்கு" என்பது மட்டும்தான் குறை. கேன் தண்ணீர் முறை வந்தபோது, கோட்டுக்காரருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று டெய்லர் ஒரு டப்பா இனிப்போடு வந்தார். இவர் தன் பங்கையும் தின்று என் பங்கையும் தின்று இரண்டு நாள் படுத்துவிட்டார். கேன்தான் காரணம் என்று ஒரே பிடிவாதம். அதே டாக்டரம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார், "என்ன தண்ணி குடிச்சீங்க?" இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "மூணும்!" என்றார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இனிப்பும்" என்றேன் நான்.

மாத்திரை எழுதி வாங்கிய பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. விரலால் மேஜை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே, "டாக்டரம்மா, போன தடவை எங்க பேத்திக்கு வந்துச்சே, அது தண்ணியாலயா?" என்று கேட்டார். இத்தனை மாதமாக இதை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் இந்த மனிதர் வாளியையும் கேனையும் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. டாக்டரம்மா யோசித்துவிட்டு, "அந்த சமயம் நிறைய குழந்தைங்களுக்கு வந்துச்சு பெரியவரே. தண்ணியாவும் இருக்கலாம், வெளிய சாப்பிட்டதாவும் இருக்கலாம், கை கழுவாததாவும் இருக்கலாம். இப்ப யாரால சொல்ல முடியும்?" என்றார். நானாக இருந்தால் பின்னால் சொன்ன இரண்டையும் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பேன். அவர் தெரு முனையில் நின்றுவிட்டார். பிறகு, "தண்ணியாவும் இருக்கலாம்னு சொன்னாங்கல்ல?" என்றார். "மத்ததும் இருக்கலாம்னுதானே சொன்னாங்க" என்றேன். "எனக்கு அந்த ஒரு 'இருக்கலாம்' போதும். வாலுக்குட்டிக்கு மெஷின் தண்ணியே குடுத்துடலாம்" என்றார். குழாய்த் தண்ணீரில் ஏதோ மருந்து வாடை அடிக்கிறது என்று என் அப்பா ஒரே ஒரு தடவை சொன்னதற்காக அவரோடு வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர் உன் மாமா. அந்த வாயால் இதைச் சொன்னார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. நடுத்தெருவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடு, ஆளுங்க பாக்குறாங்க" என்றார். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

ஆகையால் என் அருமை மருமகளே, லாட்ஜை ரத்து செய்துவிட்டு நேராக வீட்டுக்கு வாருங்கள். மெஷின் நன்றாக ஓடுகிறது. குழந்தையைக் குழாய்ப் பக்கம் தூக்க மாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். பையில் பாட்டில் மட்டும் எடுத்து வராதே, போன தடவை நீ திறந்த பாட்டிலின் சத்தம் இன்னும் அவர் காதில் இருக்கிறது. வந்து செருப்பைக் கழற்றியதும் "மாமா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று நீயாகக் கேள். எந்தத் தண்ணீர் என்று கேட்காதே. அவர் எதைக் கொடுத்தாலும் அதை முதலில் அவர் குடித்துப் பார்த்திருப்பார்.

நீயும் உன் வீட்டுக்காரரும் என் பேத்தியும் வயிறும் மனசும் குளிர்ந்து, நோய் நொடி அண்டாமல், நீடூழி வாழ வேண்டும். பக்கத்து வீட்டில் நான் விசாரித்ததாகச் சொல். என் பிள்ளையிடம் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்.

இப்படிக்கு,
வழுக்காமல் நடந்துகொண்டிருக்கும் உன் அத்தை

பின்குறிப்பு: மேலே மெஷின் நன்றாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதை அடித்துவிட்டுப் படி. தபால்தலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் உன் மாமா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். சலூனில் கூட்டமாம், முடி அப்படியே இருக்கிறது. ஹாலில் பேப்பர் விரித்து, அதன் மேல் மெஷின் துண்டு துண்டாகக் கிடக்கிறது. "புள்ள குடிக்கப்போறது, உள்ள அழுக்கு இருக்கான்னு பாக்க வேணாமா?" என்கிறார். இரண்டு தடவை பூட்டிப் பார்த்தாராம், இரண்டு தடவையும் ஏதாவது மிச்சமாகிறது. நான் கடுதாசியை வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் உன் போன். வழக்கம்போல ஸ்பீக்கர். கையில் பாதி மெஷினை வைத்துக்கொண்டு, "மெஷின் நல்லா ஓடுதும்மா" என்று உன்னிடம் அவர் கூசாமல் புளுகியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதுதான் நீ சொன்னாய், "மாமா, லாட்ஜெல்லாம் வேணாம், வீட்டுலயே தங்குறோம். இவ ஒவ்வொரு தடவை தண்ணி குடிக்கும்போதும் தாத்தா குடிச்சாச்சான்னு கேக்குறா. குடிச்சாச்சுன்னு சொன்னாத்தான் வாய வைக்கிறா. ஊர்லருந்து வந்ததுலருந்து தினமும் பொய் சொல்லிட்டு இருக்கேன் மாமா." இதை நீ முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை பக்கம் மிச்சமாகியிருக்கும்.

அதற்குள் வாலுக்குட்டி போனைப் பிடுங்கி, "தாத்தா, குடிச்சாச்சா?" என்றாள். நீ அங்கே கேட்டது குரலை மட்டும்தான். இங்கே நடந்தது இது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மெஷின் தரையில், கேன் காலி. எழுந்து போய் நசுங்கின டம்ளரில் குழாயைத் திறந்து பிடித்தார், ஒரே மூச்சில் குடித்தார், மீசையைத் துடைத்தார், "திறக்கலாம்!" என்று ஒரு கத்துக் கத்தினார் பார், மறுபடியும் வெள்ளம்தான் என்று டெய்லர் கோட்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டார். நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். போனை வைத்த பிறகு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் ஒரு திருகாணியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, இது எங்க போகும்னு உனக்குத் தெரியுதா? எனக்குக் கண்ணு மறைக்குது" என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இந்தக் கடுதாசிக்கு இனி வேலை இல்லை. ஆனாலும் தபால்தலை ஒட்டியாகிவிட்டது, அதனால் அனுப்புகிறேன். படித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல் வா. மெஷின் இருக்கிற லட்சணத்துக்கு, மேலே எழுதியதை மறந்துவிட்டு, வரும்போது பாட்டில் தண்ணீர் நிறையவே எடுத்து வா, அவர் பார்க்காமல் என் கையில் கொடுத்துவிடு. முதல் டம்ளரை மட்டும் அவரிடமே கொடு.